விற்ற அறையில் ஆறு நாள்

எல்ஹனான் வாலொவ்ஸ்கிக்குச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கத் தெரியாது. கவிஞன், ரகசியப் படை ஒன்றின் தலைவன், ஆங்கிலேய அரசு அவன் தலைக்கு விலை வைத்துச் சுவருக்குச் சுவர் படம் ஒட்டியிருந்தது. எல்லாம் சரி. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவான். அவன் அக்கா ஃப்ரூமா அதைக் கழுவிக்கொண்டே, "நாட்டையே விடுதலை பண்ணப் போறானாம். இந்தத் தட்டை எவன் வந்து விடுதலை பண்ணுவான்?" என்பாள்.

ஆங்கிலேயர் ஆண்டுகொண்டிருந்த ஜெருசலேமில், சந்தைக்குப் பின்னால், ஒரே வாய் உள்ள சந்தின் கடைசி வீடு. கீழே ஃப்ரூமாவும் அவள் கணவர் ஸெலிக்கும். மாடியில் நான், பள்ளியில் இயற்கை அறிவியல் வாத்தியார். ஸெலிக் மாவையும் முட்டையையும் பிசைந்து, தகடாகத் தேய்த்து, நாடா நாடாக நறுக்கி, கயிற்றில் உலர்த்தி, சூப்பில் போடுவதற்கு விற்பவர். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவருக்குக் கடவுளைத் தவிர வேறு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் ஒன்பது வருஷம் சண்டையில்லாமல் இருந்தோம். அவர் பொய் சொல்ல மாட்டார். பக்தி அதிகமானவர்களிடம் அபூர்வமாகத்தான் பார்க்கக் கிடைக்கும் குணம் அது.

எல்ஹனான் பிறந்தது போலந்தின் க்ரோத்னோவில், மரக்கிடங்குக் கணக்கர் ஒருவரின் மகனாக. வில்னா பல்கலைக்கழகத்தில் பழைய மொழிகள் படித்தான். யூத மாணவர்கள் உட்கார என்று வகுப்பின் ஓரத்தில் தனி பெஞ்சு ஒதுக்கினார்கள். அதில் உட்கார மாட்டேன் என்று ஒரு வருஷம் முழுக்க நின்றுகொண்டே பாடம் கேட்டான். கால் வீங்கி, செருப்பு நுழையாமல், துணியைச் சுற்றிக்கொண்டு போனானாம். அந்த இளைஞனை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை உண்டு. ஒரு மனிதன் "முடியாது" என்று சொல்வதற்கு அதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

பிறகு திருட்டுக் கப்பல் ஏறி இங்கே வந்தான். அவனுக்குப் பின்னால் கிளம்பிய கப்பல்களை ஆங்கிலேயர் திருப்பி அனுப்பினார்கள். க்ரோத்னோவுக்குள் ஜெர்மானியர் நுழைந்த பிறகு அம்மாவிடமிருந்து கடிதமே இல்லை. அவன் கோபம் பொய் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தப்பி ஓடிவரும் மக்களின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு, அதையும் சட்டம் என்று அச்சடித்துக் கொடுத்தது அந்த அரசு. யுத்தம் முடியும்வரை ஆங்கிலேயரோடு மோத வேண்டாம் என்று யூதர்களின் பெரிய அமைப்புகள் சொன்னபோது, நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு அவன் தனியே பிரிந்தான். கிதியோன் என்று பெயர் வைத்துக்கொண்டான். கவிதைகளும் அந்தப் பெயரில்தான் வந்தன.

ரத்தம் இல்லாமல் நாலு வரி அவனால் எழுத முடியாது. மண் மணப்பெண், ரத்தம் திராட்சரசம், இப்படி. நிஜ ரத்தத்தைப் பார்த்தாலோ முகம் வெளுத்துவிடும். ஃப்ரூமா அறுத்த கோழியோடு வாசலுக்கு வந்தால் அவன் கொல்லைப் பக்கம் போய்விடுவான். இன்னொன்றும் கவனித்தேன். அவன் கவிதைகளில் இந்த நாடு காலியாக இருந்தது. தினமும் காலையில் நமக்குத் தக்காளி விற்கிற அரபிக்காரன் அதில் இல்லை. அவன் கழுதைகூட இல்லை.

யுத்தத்தின் ஐந்தாம் வருஷம், மழை முடிகிற சமயம், அவன் ஆட்கள் ஒரு போலீஸ் குடியிருப்பின் சுவரோரம் குண்டு வைத்தார்கள். மூன்று பேர் செத்தார்கள். இரண்டு பேர் ஆங்கிலேயர். மூன்றாவது, டீ வாங்கப் போய்த் திரும்பிய மாஜித் என்ற அரபிக் கான்ஸ்டபிள். குண்டு வைத்த பையன்கள் இருவரும் ஓடும்போது சுடப்பட்டுச் செத்தார்கள். மறுநாள் சுவர்களில் ஒட்டிய துண்டறிக்கையில் அந்தப் பையன்களுக்கு ஆளுக்கு ஒரு கவிதை இருந்தது. மற்றவர்களுக்கு, "எதிரியின் சீருடையில் மூவர் வீழ்ந்தனர்" என்று ஒரே ஒரு வரி.

அன்று முதல் எல்ஹனான் ஸெலிக்கின் மாவு அறையில் ஒளிந்திருந்தான். ஊரில் வீடு வீடாகச் சோதனை. டெல் அவீவிலிருந்து ஆள் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. ஆனால் பஸ்கா பண்டிகை முடிந்த பிறகுதான் வரமுடியும் என்று செய்தி வந்தது.

இங்கேதான் ஸெலிக்குக்குச் சங்கடம் தொடங்கியது. பஸ்காவின் ஏழு நாளும் யூதன் வீட்டில் ரொட்டி, மாவு, புளித்தது எதுவும் அவன் உடைமையாக இருக்கக்கூடாது. மாவு வியாபாரி என்ன செய்வான்? மூட்டைகளை ஓர் அறையில் பூட்டி, அறையையும் சேர்த்து யூதரல்லாத ஒருவருக்கு ரப்பி, அதாவது மதகுரு, மூலமாக விற்றுவிடுவான். பூட்டின் மேல் முத்திரைத் தாள், சாவி வாங்கியவரிடம். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வான். ஊரே செய்கிற காரியம். விளையாட்டு இல்லை, முழுச் சட்டப்படியான விற்பனை. வாங்கியவர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வந்து தன் சொத்தைப் பார்க்கலாம்.

"முத்திரை போட்ட கதவைத் திறக்க நம்ம தெருவுல எவனுக்கும் தைரியம் வராது. இதைவிடப் பாதுகாப்பு எங்க கிடைக்கும்?" என்றார் ஸெலிக்.

"அத்தான், நான் உள்ள இருக்கும்போது எப்படி விப்பீங்க?" என்றான் எல்ஹனான்.

"உன்னை யாரு விக்கிறா? நீ அவரோட அறையில விருந்தாளி. சட்டம் இடம் கொடுக்குது, பாத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. அன்னியனை விரட்டுறேன்னு கிளம்பினவன், அன்னியனுக்கே குடித்தனக்காரன் ஆயிட்டேன்."

"வாடகையாவது ஒழுங்காக் குடு. இங்க அதுவும் குடுக்கலை" என்றாள் ஃப்ரூமா.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை, புளிக்காத ரொட்டி ஒரு பெட்டி, வெங்காயம், அவித்த முட்டை, ஒரு மூடி போட்ட வாளி எல்லாம் உள்ளே போயின. கதவு பூட்டி முத்திரை விழுந்தது. முற்றத்தைப் பார்த்த கம்பி ஜன்னல் ஒன்று, ஒரு முழ அகலம். அதன் வழியாக நான் ரப்பர் குழாயை நீட்டித் தண்ணீர் ஊற்றுவேன். சுற்றிலும் மாவு மூட்டை, உலர்ந்த நாடா மாவு, நடுவில் பாதிதான் விரிந்த ஒரு மடக்குக் கட்டில். சாப்பிடக்கூடாத உணவுக்கு நடுவே, ரொட்டி வாசனையில் அவன் உட்கார்ந்திருந்தான். குண்டு வைக்கச் சொல்லலாம், ரொட்டி தின்னக்கூடாது. மதம் மனிதனின் மனசாட்சியை எந்த இடத்தில் கொண்டுபோய்க் கட்டிப்போட்டிருக்கிறது, பாருங்கள்.

எங்களுக்கு இரண்டு விஷயம் தெரியாது. வழக்கமாக வாங்குகிற கரி வியாபாரி ஊரைவிட்டுப் போயிருந்தார். ரப்பி இந்த வருஷம் பேட்டையின் மாவு அறைகள் முழுவதையும் சந்தை வாசலில் காவல் நிற்கும் அரபிக் கான்ஸ்டபிள் ரஷாத்துக்கு விற்றிருந்தார். அவர் சந்தையில் நம் பிள்ளைகளோடு வளர்ந்தவர். நம் பேச்சை நம்மைவிட நன்றாகப் பேசுவார்.

இரண்டாவது, விற்பனைப் பட்டியலில் ஸெலிக் எழுதியிருந்தது. "மாவு ஆறு மூட்டை, நாடா மாவு நாற்பது கட்டு" என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கட்டிலில் ரொட்டித் துகள் ஒட்டியிருக்கும், கம்பளியிலும் இருக்கும், எழுதுகிற பலகை இடுக்கிலும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டால் புளித்த பண்டம் தன் உடைமையாக நின்றுவிடும். ஆகவே, "படுக்கையோடு கட்டில் ஒன்று, கம்பளி ஒன்று, எழுதும் பலகை ஒன்று" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பண்டிகையின் மூன்றாம் நாள் காலை ரஷாத் அந்தப் பட்டியலின் அரபிப் பிரதியோடு முற்றத்துக்கு வந்தார். அறை வாசலுக்கு எதிரே ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப்போட்டு, கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்.

"ஸெலிக் அண்ணே, மாவு மூட்டை எப்போலேருந்து கம்பளி போத்திக்கிட்டுத் தூங்குது?"

ஸெலிக் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று சொன்னால் பொய்.

ரஷாத் கதவைப் பார்த்துப் பேசினார். "உள்ள இருக்கிறவரே. இது என் அறை. ரப்பி எழுதிக் குடுத்த பத்திரம் இருக்கு. யாரு நீங்க?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு உள்ளேயிருந்து, "என்கிட்ட துப்பாக்கி இருக்கு" என்றான் எல்ஹனான்.

"அப்போ யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சுடுங்க. சந்து வாயில என் ஆளுங்க ரெண்டு பேர் நிக்கிறாங்க. பட்டாளத்து மாவு திருடு போகுதுன்னு சொல்லி நிக்க வெச்சிருக்கேன். சத்தம் கேட்டா ஓடி வருவாங்க. உங்க அக்கா இங்க முற்றத்துலதான் இருக்காங்க."

ஃப்ரூமா ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன வேணும் உங்களுக்கு? படத்துல போட்டிருக்கிற தொகையா?" என்று நான் கேட்டேன்.

ரஷாத் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாத்தியார், நீங்க நியாயம் பேசுறவர்னு சந்தையில சொல்றாங்க. செத்துப்போன மாஜித் என் அக்கா புருஷன். சீருடையில மூவர்னு ஒட்டினாங்களே, அந்த மூணுல ஒண்ணு. அதை ஆள் வெச்சுப் படிக்கக் கேட்டு எங்க அக்காவுக்குச் சொன்னது நான்தான். 'என் புருஷனுக்குப் பேர் கூடவா இல்லை'ன்னு கேட்டா. எனக்கு வேண்டியது ரெண்டு வரி. 'மாஜித்தைக் கொன்னது நாங்க. அது தப்பு.' கீழே கிதியோன்னு வேண்டாம், அந்தப் பேர்ல ஒரு ஆளே கிடையாது. அம்மா வெச்ச பேரை எழுதணும். அச்சடிக்க மாட்டேன், ஆபீசர்கிட்ட குடுக்க மாட்டேன். எங்க அக்கா பெட்டியில கிடக்கும். குடுத்தா சந்து வாயில இருக்கிறவங்களை நான் கூப்பிட்டுக்குவேன். நீங்க போகலாம்."

"குடுக்கலைன்னா?" என்றது உள்ளிருந்து குரல்.

"ஏழாம் நாள் உங்களுக்குப் புனித நாள், நீங்க பேனாவைத் தொடமாட்டீங்க, எனக்குத் தெரியும். அதனால ஆறாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள. இல்லைன்னா என் அறையை நான் திறந்துக்குவேன்."

அவர் போன பிறகு ஃப்ரூமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எழுதித் தொலைடா! ரெண்டு வரிதானே? எவ்வளவு எழுதிக் கிழிச்சிருக்க!"

"யோசிக்கிறேன்க்கா."

மூன்று நாள் யோசித்தான். அந்த அறையின் சூட்டில், நடக்கவும் நீட்டிப் படுக்கவும் இடமில்லாமல், முழங்காலை மடித்தபடி கிடந்தான். தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் தரையில் கசங்கிய தாள்கள் தெரியும். நாலாம் நாள் மத்தியானம் ஒரு தாளை ஜன்னல் வழியே நீட்டினான். மறுபடி வந்திருந்த ரஷாத், நம் எபிரேய எழுத்து படிக்கத் தெரியாததால் ஸெலிக்கிடம் கொடுத்தார். ஸெலிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிரார்த்தனைப் புத்தகம் வாசிப்பதுபோல வாசித்தார்:

"பெயரற்ற காவலனே, என் நெருப்பின் ஓரத்தில் விழுந்த நிழலே,
உன் தேநீர் ஆறும் முன்னே என் இளமையும் ஆறிற்று."

இன்னும் பதினாறு வரி இருந்தது. நல்ல கவிதைதான். அவன் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று இன்று சொல்கிறார்கள். முடிந்ததும் ஸெலிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாருக்கு. ஆனா பெயரற்ற காவலன்னு ஏன் சொல்றார்? அவருக்குப் பேர் இருக்கு. நான் சொன்னேனே, மாஜித்னு" என்றார் ரஷாத். "இதுல எங்க அத்தான் எங்கே இருக்கார்? முழுக்க இவரேதான் இருக்கார்."

தாளை மடித்து ஜன்னல் வழியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான் ஜன்னலடியில் உட்கார்ந்தேன். "எல்ஹனான், உன்கிட்ட கவிதை கேக்கலை. ஒரு தகவல் கேக்குறாங்க. நடந்ததுதானே?"

"நடந்ததுதான்."

"தப்புதானே?"

"வாத்தியாரே, தப்புன்னு எழுதினா, நான் அனுப்பின அந்த ரெண்டு பையன்களும் எதுக்குச் செத்தாங்க? அவங்க அம்மாக்களுக்கு நான் என்ன எழுதுறது?"

"செத்த ரெண்டு பேருக்கு அர்த்தம் குடுக்க இன்னும் எத்தனை பேரைச் சாகடிப்ப? இப்படிக் கணக்குப் போட்டா இந்த ஊர்ல கடைசி மனுஷன் சாகிற வரைக்கும் நிறுத்தவே முடியாதே!"

"என்னைக் கொல்லச் சொல்லுங்க. அது எனக்கு வரும். இது வரமாட்டேங்குது."

அவன் நடிக்கவில்லை. அதுதான் பயங்கரம். பூட்டு வெறும் இரும்பு, முத்திரை வெறும் காகிதம். என் சுத்தியலால் ஒரு நிமிஷத்தில் உடைத்திருப்பேன். அவன் அடைபட்டிருந்தது அதற்குள் அல்ல. ஐந்து வருஷமாகத் தானே எழுதி எழுதிக் கட்டிய சுவருக்குள். அதில் ஒரு செங்கலை உருவினால் கூரை தன் தலைமேல் விழும் என்று நம்பினான்.

ஆறாம் நாள் மூன்று மணிக்கு ஃப்ரூமா என் மாடிக்கு வந்தாள். கையில் ஒரு தாள். "மாஜித்தைக் கொன்றது நாங்கள். அது தவறு. எல்ஹனான், மெயிர் வாலொவ்ஸ்கியின் மகன்." அவன் கையெழுத்தேதான்.

"எழுதிட்டானா!"

"நான் எழுதினேன். எங்க ரெண்டு பேருக்கும் எழுத்துச் சொல்லிக்குடுத்தது எங்கப்பா. ஒரே மாதிரிதான் இருக்கும்." அவள் கண்கள் வறண்டிருந்தன. "அவன் ஒண்ணும் செய்ய வேண்டாம் வாத்தியாரே. சும்மா இருந்தா போதும். சும்மா இருக்கக்கூடவா தெரியாது அவனுக்கு?"

உண்மை உண்மை என்று வகுப்பில் கத்துகிறவன்தான் நான். அன்று வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் படியிறங்கினேன்.

ரஷாத் நாலு மணிக்கு வந்தார். ஃப்ரூமா தாளைக் கொடுத்தாள். அவர் அதை ஸெலிக்கிடம் நீட்டினார். ஸெலிக் எழுத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கண்ணாடி நழுவியது. ஆனாலும் வாசித்தார். எழுதியிருப்பதை வாசிப்பது பொய் இல்லை அல்லவா.

ரஷாத் தாளை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். முகத்தில் ஏதோ தளர்ந்தது. போவதற்குத் திரும்பியவர் ஜன்னலைப் பார்த்து, ஒரு மரியாதைக்காகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். "நீங்கதானே எழுதினது?"

ஃப்ரூமா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன.

"இல்ல. அது என் கையெழுத்து இல்ல" என்றான் எல்ஹனான்.

"பாவி!" என்று கத்தினாள் ஃப்ரூமா. "டேய், பாவி!"

ரஷாத் அந்தத் தாளை எடுத்து, ஃப்ரூமாவின் கையில் திருப்பி வைத்தார். முத்திரையைக் கிழித்து, தன் சாவியால் பூட்டைத் திறந்தார். எல்ஹனான் துப்பாக்கியைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்தான். உடம்பெல்லாம் மாவு. நேராக நிற்க முடியவில்லை. மரத்துப்போன கால்கள் மடங்கின. கைவிலங்கு போட்டுவிட்டு, ரஷாத்தே அவனைத் தோளோடு பிடித்துச் சந்து வாய்வரை நடத்திக்கொண்டு போனார். வில்னாவில் ஒரு வருஷம் நின்ற அதே கால்கள்.

மறுநாள் செய்தி வந்தது. காவலிலிருந்து தப்பி ஓட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டானாம். அவன் ஆட்கள் அந்தக் கவிதையை எப்படியோ எடுத்து அச்சடித்தார்கள். பையன்கள் மனப்பாடம் செய்தார்கள். தூக்குமேடைக்குப் பயப்படாதவன் என்று புகழ்ந்தார்கள். சாவுக்குப் பயப்படாமல் இருப்பது அவ்வளவு பெரிய காரியமா? இரண்டு வரி உண்மைக்குப் பயந்தவனை என்னவென்று சொல்வது? அவனுக்கு ஒரு நீதிமன்றம்கூடக் காட்டாமல், விலங்கு மாட்டிய மனிதனைச் சுட்ட அரசை என்னவென்று சொல்வது? இருவருக்குமே மாஜித் வெறும் எண்ணிக்கைதான்.

பண்டிகை முடிந்து மூன்று நாள் கழித்து ரஷாத் வந்தார். ரப்பி அறையைத் திரும்ப வாங்கிவிட்டார், சாவி கொடுக்க வேண்டும். சாவியைக் கொடுத்தவர் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"அவர் ஓடலை. சுவரைப் பாத்து நிக்க வெச்சாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார்.

ஸெலிக் நாடா மாவைக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஓடினார்னு சாட்சிக் கையெழுத்து கேட்டாங்க, வாத்தியார். நான் அவருக்கு மூணு நாள் குடுத்தேன். எனக்கு அந்த சார்ஜன்ட் நின்னபடியே பேனாவை நீட்டினான்."

"போட்டீங்களா?" என்றேன்.

"எங்க அக்கா, அவ பிள்ளைங்க நாலு பேர், என் பிள்ளைங்க. சம்பளம் ஒண்ணுதான்." பிறகு, "போட்டேன்" என்றார்.

ஃப்ரூமா உள்ளே போனாள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து, மாவு தேய்க்கிற பலகைமேல் அவர் எதிரே வைத்தாள்.

"என் தம்பி ஓடலைன்னு எழுதுங்க. விலங்கோட நிக்க வெச்சுச் சுட்டாங்கன்னு. அரபியிலேயே எழுதுங்க, எனக்குப் படிக்கத் தெரிய வேண்டாம். அம்மா வெச்ச பேரைப் போடுங்க. எங்கயும் குடுக்க மாட்டேன். என் பெட்டியில கிடக்கும்."

ரஷாத் பேனாவை எடுத்தார். தாளின் மேல் அதை வைத்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். மை ஊறி ஒரு புள்ளியாகப் பரவியது.

"மூணு நாள் குடுங்க, அம்மா."

"குடுத்தேன்" என்றாள் ஃப்ரூமா.

நாலாம் நாள் சந்தை வாசலில் புதுக் கான்ஸ்டபிள் நின்றான். ரஷாத் வடக்கே ஜெனினுக்கு மாற்றலாகிப் போய்விட்டார், அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று தக்காளிக்காரன் சொன்னான்.